உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?

புகுருனி, தார் எஸ் சலாம்
9 பிப்ரவரி 1992

அலிண்டா அம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. உள்ளபடியே எழுதிவிடுகிறேன். எண்ணெய் ஆலை வேலை பரவாயில்லை. புகோபாவில் காப்பிக்கொட்டை மெஷினைப் பிரித்து மாட்டின கைக்கு இது பெரிய விஷயமில்லை. ஊர்தான் இன்னும் பிடிபடவில்லை. வியர்த்து ஊற்றுகிறது. சட்டையைத் துவைத்துக் காயப்போட்டால் காய்வதற்குள் மறுபடி உப்பு பூத்துவிடுகிறது.

ஆலையில் கூட வேலை செய்கிற ஒருவனுடைய அறையில்தான் படுக்கை. அவன் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் என் பாய். அடுத்த மாதம் அவன் மனைவி வருகிறாள். அதற்குள் நான் இடத்தைக் காலி செய்தாக வேண்டும்.

வீடு பார்க்க ஒரு தரகர் கிடைத்திருக்கிறார். பெயர் ஷொமாரி. அவர் நடக்கிற வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருக்கிறது. நான் எந்த ஊர் என்று கேட்டார். புகோபா என்றேன். "ஓ, ஹாயா ஆளா! அப்ப ரெண்டு வார்த்தை இங்கிலீஷ் பேசுய்யா, வாடகையைக் குறைப்பாங்க" என்றார். நம் ஹாயா ஜனம் இங்கிலீஷில் பீற்றிக்கொள்ளும் என்றுதான் இங்கே பேச்சு.

முதலில் இலாலாவில் ஒரு வீடு. வீட்டுக்காரர் பல்லில் குச்சியை வைத்துக்கொண்டே கேட்டார்.

"பிள்ளைங்க எத்தனை?"

"ரெண்டுங்க."

"சுவத்துல கிறுக்குமா?"

"கிறுக்காதுங்க."

"கிறுக்காத பிள்ளை ஏதுய்யா உலகத்துல? பொய் சொல்ற ஆளுக்கு வீடு இல்ல. போ."

இரண்டாவது வீடு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பீர்க்கடை. "பாட்டு இலவசம்" என்றார் ஷொமாரி. மூன்றாவது வீட்டில் உன் தையல்மெஷின் சத்தம் ஆகாதாம். நான்காவது வீட்டைப் பற்றி எழுதவே வேண்டாம். கக்கூஸுக்குக் கதவே கிடையாது, கோணிப்பைதான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆலை ஆபீஸில் ஒரு அம்மா, அவளுடைய தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் மூலமாக வலிப்பு டாக்டரைப் பார்க்க மே கடைசி வாரத்தில் அலிண்டாவுக்கு நாள் வாங்கியிருக்கிறேன். நாம் இந்த ஊருக்கு வருவதே அதற்காகத்தானே. மாத்திரை மே வரை தாங்குமா? சின்னவன் முஜூனியிடம் கடலைப் பார்த்துவிட்டேன் என்று சொல். ஏரியைவிடப் பெரிசுதான், ஆனால் குடிக்க முடியாது என்று சொல்.

அலிண்டா அப்பா


புகோபா
21 பிப்ரவரி

அலிண்டா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை முஜூனி தான் படிப்பதாக அடம்பிடித்து, பீர்க்கடை வரைக்கும் படித்தான். பிறகு நான் பிடுங்கிக்கொண்டேன்.

நீங்கள் வீடு பார்க்கும்போது சுவரையும் கூரையையும் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தரையைப் பாருங்கள். படிக்கட்டு இருக்கக் கூடாது. முற்றத்தில் திறந்த கிணறு வேண்டவே வேண்டாம். சமையல் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கொட்டகையில், தரையில் கரி அடுப்பு வைத்துச் செய்கிற இடமாக இருந்தால் அதுவும் வேண்டாம். டிசம்பரில் அலிண்டா கை வெந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கக்கூஸ் கதவு வெளியிலிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். கோணிப்பை என்று சிரித்தீர்களே, நம் வீட்டுக்குக் கோணிப்பைதான் நல்லது.

மாத்திரை மே நடுவோடு தீர்ந்துவிடும். நான் அரை அரையாகக் கொடுத்து இழுக்கப் பார்க்கவில்லை. ஒருமுறை அப்படிச் செய்து பட்டது போதும்.

உங்கள் அண்ணன் வீட்டில் எப்படி இருக்கிறோம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததையும் சொல்கிறேன். யுஸ்தா அக்கா அலிண்டாவுக்கு என்று ஒரு நீலத் தட்டு ஒதுக்கிவிட்டார்கள். அதைத் தனியாகக் கழுவி வேலியில் கவிழ்த்துவைக்கிறார்கள். "ஒண்ணும் தப்பா நினைச்சுக்காத தங்கச்சி, சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு, ஒட்டிக்கும்னு சொல்றாங்கல்ல" என்றார்கள். ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். "டாக்டருக்கு என்ன, அவர் வீட்லயா சாப்பிடுறா?" என்றார்கள். நான் இருப்பது அவர்கள் கூரைக்குக் கீழே. அதனால் வாயை மூடிக்கொண்டேன். அலிண்டா இப்போதெல்லாம் அவளாகவே போய் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு வருகிறாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவளைக் கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் போட்டிருக்கிறார்கள். விழுந்தால் வெளியே தூக்க வசதியாம். இந்தத் தவணையில் கணக்கில் அவள்தான் முதல்.

சீக்கிரம் ஒரு வீடு பாருங்கள். எப்படிப்பட்ட வீடாக இருந்தாலும் சரி என்று எழுத வந்தேன். மேலே எழுதினதைப் படித்துவிட்டு அப்படி எழுதாமல் விடுகிறேன்.

அலிண்டா அம்மா


மகோமேனி, தார் எஸ் சலாம்
8 மார்ச்

அன்புள்ள கெமிலெம்பேவுக்கு,

வீடு கிடைத்துவிட்டது!

நீ கேட்டதெல்லாம் இருக்கிறது. முற்றம் முழுக்க சிமென்ட். கிணறு இல்லை, குழாய். படிக்கட்டே இல்லை, வாசலில் ஒரு சின்ன மேடு மட்டும். சமையல்கட்டில் இடுப்பு உயரத்துக்குத் திண்டு கட்டி அதன்மேல் அடுப்பு. நடுவில் நடை, இரண்டு பக்கமும் மும்மூன்று அறைகள். நமக்கு இடது பக்கம் இரண்டு அறை. ஜன்னலுக்குக் கீழே உன் மெஷினைப் போட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். ஷொமாரியே சொன்னார்: "இந்த வீட்டுக்கு ஆள் வரிசையில நிக்கிறாங்கய்யா. அந்தம்மா பார்த்துப் பார்த்துத்தான் விடுவாங்க."

அந்தம்மாவின் பெயர் சௌதா பீபி. புருஷன் இல்லை. பிள்ளைகள் ஜான்சிபாரில். இது நோன்பு மாதம் அல்லவா, தினமும் சாயங்காலம் மிளகு போட்ட கஞ்சியும் பேரீச்சம்பழமும் என் கதவுக்கு வந்துவிடுகிறது. நான் நோன்பில்லை என்றேன். "வயிறு இருக்குல்ல? குடி" என்கிறார்கள். சொந்தத் தம்பி மாதிரி நடத்துகிறார்கள்.

ஒரு விஷயம். நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மழைக்காலம் தொடங்கப்போகிறது. ரயிலில் சரியான கூட்டம். முதலில் நீயும் முஜூனியும் மட்டும் வந்துவிடுங்கள். அலிண்டாவை முலேபாவில் உன் தங்கை வீட்டில் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாம். இங்கே எல்லாம் பழகினபிறகு, மே மாதம் டாக்டரைப் பார்க்கும் சமயத்தில் நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். அவளுக்கும் அலைச்சல் இருக்காது. யோசித்துச் சொல்.

கைஜாகே


புகோபா
22 மார்ச்

உங்களுக்கு,

யோசித்தேன்.

கப்பலிலும் ரயிலிலும் ஏழு வயதுப் பையன் வரலாம், பதினோரு வயதுப் பெண் வர முடியாது. எந்தப் பிள்ளையின் வைத்தியத்துக்காக ஊரை விட்டு வருகிறோமோ, அந்தப் பிள்ளையைத் தவிர மற்றவர்கள் முதலில் வர வேண்டும். மழை ஒருத்தியை மட்டும் நனைக்கும். இப்படி எல்லாமா நீங்கள் எழுதுவீர்கள் என்று திரும்பத் திரும்பப் படித்தேன். அலிண்டா பிறந்து இத்தனை வருடத்தில் அலிண்டா அப்பா என்று போடாமல் பெயரைப் போட்டு நீங்கள் கையெழுத்திட்ட முதல் கடிதம் அது. அதையும் பார்த்தேன். மறந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று முலோகோசி வந்தான். உங்கள் பெரியப்பா பேரன்தான், இங்கேயிருந்து தாருக்குச் சரக்கு கொண்டுபோகிறவன். நீங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் உங்களைப் பார்க்க அந்த மகோமேனி வீட்டுக்குப் போனானாம். அவன் சொன்னதை அவன் வாய்ப்பேச்சாகவே எழுதுகிறேன்.

"வாசல்ல ஒரு அம்மா அரிசி புடைச்சுட்டு இருந்தாங்க. 'அலிண்டா அப்பா இருக்காரா'ன்னு கேட்டேன். 'அப்படி யாரும் இங்க இல்லையே தம்பி'ன்னாங்க. 'புகோபாக்காரர், ஆயில் மில்லு'ன்னேன். 'ஓ, முஜூனி அப்பாவா! அப்படிச் சொல்லு. ஒத்தப் பிள்ளைக்காரர். பொண்டாட்டியும் பையனும் வரப்போறாங்க'ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல சித்தி. சரின்னு வந்துட்டேன்."

அவன் இதைச் சொல்லும்போது யுஸ்தா அக்கா பக்கத்தில் வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். கத்தி நின்றுவிட்டது. நீலத் தட்டு வைத்தவர்களே என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "வேற யாரோ முஜூனியா இருக்கும்" என்று சொன்னேன். உங்களுக்காக நான் சொன்ன பொய் அது. ஒருத்தரும் நம்பவில்லை.

என்ன நடந்தது என்று உங்கள் கையால் எழுதுங்கள். மழை, கூட்டம் எல்லாம் வேண்டாம்.

கெமிலெம்பே


மகோமேனி
2 ஏப்ரல்

கெமிலெம்பேவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப்போட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சௌதா பீபி வீட்டைக் காட்டினார்கள். நான் தரையைப் பார்த்தேன். நீ சொன்னதெல்லாம் அங்கே இருந்தது. அப்போதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, இது கிடைக்காமல் போய்விடுமோ என்று. முற்றத்தில் உட்காரச் சொன்னார்கள். ஷொமாரி பக்கத்தில் நின்றார்.

"குடும்பம் எங்க?"

"ஊர்ல இருக்காங்க பீபி. வந்துருவாங்க."

"பிள்ளைங்களுக்கு வியாதி, கியாதி ஒண்ணும் இல்லையே? எதிர் அறையில கைக்குழந்தை இருக்கு. முன்ன இருந்தவங்க பையனுக்கு வலிப்பு. ஒரு நாள் நடையில விழுந்து வாயில நுரை தள்ளி… ரெண்டு குடும்பம் அன்னைக்கே சாமானைக் கட்டிட்டாங்க. அதான் கேக்குறேன்."

"ஒண்ணும் இல்ல பீபி."

"எத்தனை பிள்ளைங்க?"

இரண்டு என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். ஆனால் அவள் வந்தால் தெரிந்துவிடுமே என்று அந்த ஒரு நொடிக்குள் கணக்குப் போட்டேன் பார், அந்த மனசை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. "ஒரு பையன்" என்றேன்.

"பேரு?"

"முஜூனி."

"அப்ப வாங்க முஜூனி அப்பா" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

ஷொமாரியிடம் நான் இரண்டு பிள்ளைகள் என்று சொல்லியிருந்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். தெருவுக்கு வந்ததும் தன் கூலியை வாங்கிக்கொண்டு வழக்கத்தைவிட வேகமாக நடந்துபோய்விட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் நடையில் அந்தப் பெயர். "முஜூனி அப்பா, தண்ணி வந்துருச்சு." "முஜூனி அப்பா, கஞ்சி." நல்ல மனுஷி, அன்போடுதான் கூப்பிடுகிறார்கள். ஒருநாள் நான் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன், கூப்பிட்டது என் காதிலேயே விழவில்லை. "உன் பையன் பேரே உனக்கு மறந்துருச்சா?" என்று சிரித்தார்கள். கஞ்சியைக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன்.

ஆறு மாத வாடகை முன்பணம் கொடுத்தாகிவிட்டது. வேறு வீடும் கிடைக்காது. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

கைஜாகே


புகோபா
13 ஏப்ரல்

முஜூனி அப்பாவுக்கு,

இப்படி எழுதிப் பார்த்தேன், எப்படி இருக்கிறது என்று. கை கூசுகிறது. உங்களுக்கு ஒரு மாதம் கூசாமல் இருந்திருக்கிறது.

உங்களைத் திட்டுவதற்காக நிறைய சேர்த்துவைத்திருந்தேன். ஆனால் இந்த வாரம் நடந்த ஒன்றுக்குப் பிறகு எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

முலோகோசி சொன்னது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அலிண்டாவுக்கும் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் பள்ளிக்கூடத்துச் சட்டை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து நூலைக் கோத்துக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

"அம்மா, நான் ஒரு யோசனை சொல்லட்டா? அந்த வீட்டம்மாகிட்ட நான் வேலைக்காரப் பொண்ணுன்னு சொல்லிருங்க. தார்ல எல்லார் வீட்லயும் ஊர்லேர்ந்து ஒரு பொண்ணைக் கூட்டிட்டுப் போவாங்கல்ல? நான் உங்களை அம்மான்னு கூப்பிட மாட்டேன். முஜூனிக்கும் சொல்லிக் குடுத்துருவேன். எனக்கு ஏதாவது வந்தா, 'இந்தப் பொண்ணுக்கு வியாதின்னு எங்களுக்குத் தெரியாது, ஏமாத்திட்டாங்க'ன்னு சொல்லலாம். அப்ப உங்களைத் திட்ட மாட்டாங்க."

எல்லாவற்றையும் யோசித்துவைத்திருந்தாள். கணக்கு போடுகிற பிள்ளை அல்லவா.

நான் உடனே இல்லை என்று சொல்லவில்லை. இதை உங்களிடம் மட்டும்தான் எழுத முடியும். நான் தைத்துக்கொண்டே இருந்தேன். அவள் எங்கே படுப்பாள், யாராவது கேட்டால் எந்த ஊர் என்று சொல்வாள் என்றெல்லாம் என் மனசு ஓடியது. "பார்ப்போம்" என்றேன். பார்ப்போம் என்று என் வாயால் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் என்ன சொல்வேன் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது போல, அடுத்த ஊசிக்கு நூல் கோத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, அதெல்லாம் கிடையாது, நீ என் மூத்த பிள்ளை என்றேன். "சரிம்மா" என்றாள். ஆனால் நான் முதலில் சொன்னதைத்தான் அவள் வைத்துக்கொள்வாள். நானாக இருந்தாலும் அப்படித்தான்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளை ஒரு வீட்டுக்காக விற்றிருக்கிறோம். நீங்கள் ஒரு சொல்லில். நானும் ஒரு சொல்லில்.

அந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன். அவளை விட்டுவிட்டும் வர மாட்டேன், அவளைக் கூட்டிக்கொண்டும் வர மாட்டேன். நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. செய்துவிட்டு எழுதுங்கள். அதுவரை என்னிடமிருந்து கடிதம் வராது.

கெமிலெம்பே


மகோமேனி
22 ஏப்ரல்

கெமிலெம்பேவுக்கு,

உன் கடிதத்தை ஆலை வாசலில் நின்று படித்தேன். அன்றைக்கு வேலையில் ஒரு பெல்ட்டைத் தலைகீழாக மாட்டி மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினேன்.

மறுநாள் சௌதா பீபியிடம் போனேன். முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"பீபி, என் பேரு முஜூனி அப்பா இல்ல. எனக்கு மூத்தது ஒரு பொண்ணு இருக்கு. அலிண்டா. பதினொரு வயசு. அவளுக்கு வலிப்பு இருக்கு."

மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"அவ உசிரோட இருக்காளா?"

"இருக்கா பீபி."

"உசிரோட இருக்கிற பிள்ளையவா இல்லைன்னு சொன்ன?"

அவர்களே தொடர்ந்தார்கள்.

"நோன்பு வாயோட தினம் உன் பையன் பேரைச் சொல்லி, நல்லா ஊர் வந்து சேரணும்னு துவா கேட்டேன்யா. அந்தப் பொண்ணு பேரையும் சேத்துக் கேட்டிருப்பேன்ல?"

"நீங்க வீடு தர மாட்டீங்கன்னு பயந்து…"

"தந்திருக்க மாட்டேனோ என்னவோ. தந்தாலும் தந்திருப்பேன். எனக்கே தெரியாது. நான் நல்லவளா, கெட்டவளான்னு நானே தெரிஞ்சுக்க விடாம நீயே முடிவு பண்ணிட்ட."

அதற்குள் எதிர் அறைப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவில் வந்து நின்றுவிட்டாள். காதில் விழுந்திருக்கும். பீபி அவளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். "மாசக் கடைசில சாவியைக் குடுத்துரு. மிச்சப் பணத்தை வாங்கிக்க. கோபத்துல சொல்லல. இனிமே நீ நல்லது சொன்னாலும் நான் ரெண்டு தடவை யோசிப்பேன். ஒரே நடையில அப்படி இருக்க முடியாது" என்றார்கள்.

அவர்கள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நடையில் இப்போது யாரும் என்னை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வந்தால் நானாகப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். மறுபடி வீடு தேடப் போகிறேன். இந்தத் தடவை வாசலிலேயே, வாடகை கேட்பதற்கு முன்பாகவே சொல்லிவிடுவேன். இதை உனக்குச் சொல்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

கைஜாகே


தபாட்டா, தார் எஸ் சலாம்
5 மே

கெமிலெம்பேவுக்கு,

நீ எழுதவில்லை. எழுத மாட்டாய் என்றும் தெரியும். நான் எழுதுகிறேன்.

ஷொமாரி என்னோடு வர மறுத்துவிட்டார். "வாசல்லயே வியாதியைச் சொன்னா எனக்கு எப்படிய்யா கூலி வரும்?" என்றார். ஆலை முடிந்து நானே தெருத்தெருவாகப் போனேன். என் மூத்த பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டு, அதன்பிறகு வீட்டைக் கேட்டேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அந்தக் குவளையைக் கீழே வைக்கச் சொன்னார்கள், கையில் வாங்கவில்லை. எனக்கே வியாதி மாதிரி. யுஸ்தா அண்ணியின் தட்டு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் கடிதத்தில் படித்தபோது கோபம்தான் வந்தது, புரியவில்லை.

ஒருவன், "குணமானதும் கூட்டிட்டு வா, அதுவரைக்கும் வீட்டைப் பூட்டி வச்சிருக்கேன்" என்று கேலி செய்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

நகரத்தை விட்டுத் தள்ளி இங்கே தபாட்டாவில் ம்குடே என்று ஒரு கொத்தனார் தனக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். பாதி கட்டியாகிவிட்டது. கட்டின பாதியில் இரண்டு அறையை வாடகைக்கு விட்டு அதில் மீதியைக் கட்டப்போகிறார். பூச்சு இல்லை. மின்சாரம் இல்லை. தண்ணீர் பக்கத்து வீட்டிலிருந்து. முற்றம் முழுக்க மணல். அவர் மனைவி தெவோத்தா நிறைமாதம். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். கரணையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"சரி. வந்தா என்ன பண்ணணும்?"

எனக்குப் புரியவில்லை. "என்னது?" என்றேன்.

"பிள்ளைக்கு வந்தா நாங்க என்ன பண்ணணும்? நீ மில்லுக்குப் போயிருப்ப. உன் வீட்டம்மா கடைக்குப் போயிருப்பாங்க. இவதான் இருப்பா. இவ என்ன பண்ணணும்?"

தெவோத்தா சொன்னாள்: "எனக்குப் பயமா இருக்கு அண்ணே. பொய் சொல்ல மாட்டேன். நான் ஒருதடவை கூடப் பார்த்ததில்ல. ஆனா சொல்லிக் குடுத்தா செஞ்சிருவேன்."

இவ்வளவு வாசலில் ஏறி இறங்கினேன். ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை. இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை, கெமிலெம்பே.

ஐந்து வருடமாக அவளுக்கு வருகிறது. ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து வெளியே போயிருக்கிறேன். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று குடத்தைத் தூக்குவேன். வேடிக்கை பார்க்கிறவர்களை விரட்டுகிறேன் என்று வாசலுக்குப் போவேன். திரும்பி வரும்போது நீ அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருப்பாய். அந்த நேரத்தில் நீ என்ன செய்வாய் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சௌதா பீபியிடம்தான் அவளை முதல்முறையாக இல்லை என்று சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என் வீட்டுக்காரிகிட்ட கேட்டு எழுதி வாங்கிட்டு வரேன்" என்று சொன்னேன். ம்குடே என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டார்.

நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். டாக்டரைப் பார்க்கும் நாள் இருபத்தேழாம் தேதி. நீ வராவிட்டாலும் எனக்கு அதை மட்டும் எழுது. என்ன பண்ண வேண்டும்?

கைஜாகே


புகோபா
13 மே

உங்களுக்கு,

நீங்கள் வெளியே போவது எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? முதல் தடவை அவள் விழுந்தபோது நீங்கள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அதிலிருந்து, தண்ணீர் கொண்டுவாருங்கள் என்று நானே உங்களை அனுப்பத் தொடங்கினேன். அதுவே பழக்கமாகிவிட்டது. உங்களை உள்ளே இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். தனியாகச் செய்வது எனக்கும் சுலபமாக இருந்தது.

வியாழக்கிழமை, இருபத்தொன்றாம் தேதி கப்பல் ஏறுகிறோம். முவான்சாவில் ரயில். ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்துவிடும் என்கிறார்கள். மூன்று டிக்கெட். மெஷினை முலோகோசி பிறகு கொண்டுவருவான். நான் மன்னித்துவிட்டு வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். மாத்திரை தீர்ந்துபோகிறது, அதனால் வருகிறேன். மற்றதை அந்த மணல் முற்றத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்வோம், இல்லை சண்டை போட்டுக்கொள்வோம்.

நீங்கள் கேட்டது கீழே. தெவோத்தாவுக்குப் படித்துக் காட்டுங்கள். நீங்களும் இரண்டு தடவை படியுங்கள்.

அவள் விழுந்தால் கையையும் காலையும் பிடித்து அமுக்கக் கூடாது. வாயில் கரண்டி, துணி, எதையும் திணிக்கக் கூடாது. சாவிக்கொத்தைக் கையில் கொடுக்கச் சொல்வார்கள், அதெல்லாம் ஒன்றும் செய்யாது. பக்கத்தில் அடுப்பு, கல், பாத்திரம் இருந்தால் நகர்த்த வேண்டும். தலைக்குக் கீழே ஏதாவது மெத்தென்று வைக்க வேண்டும், இடுப்பில் கட்டுகிற கங்காத் துணியை மடித்து வைத்தால் போதும். அடங்கினதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், எச்சில் வெளியே வழிவதற்கு. அவள் பாவாடையை இழுத்துவிட வேண்டும். சிலசமயம் நனைந்திருக்கும். யாரும் பார்ப்பதற்குள் மேலே ஒரு துணியைப் போட வேண்டும். ஒரு பானை அரிசி கொதித்துவரும் நேரத்துக்கும் நிற்காமல் போனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். அதுவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து எங்கேயும் போகக் கூடாது.

இவ்வளவுதான். இதில் தண்ணீருக்கு வேலையே இல்லை.

எழுதினதை அலிண்டாவிடம் படித்துக் காட்டினேன், நான் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று. இதுவரை நானும் அவளிடம் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, "முழிச்சதும் 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ன்னு சொல்ல வேண்டாம்னு எழுதுங்க. அப்படிச் சொன்னாத்தான் என்னமோ நடந்துருக்குன்னு எனக்கு வெக்கமா இருக்கும்" என்றாள்.

"அப்ப என்ன சொல்லணும்?"

"கண்ணைத் திறந்ததும் நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியாதும்மா. அதான் ரொம்பப் பயமா இருக்கும். யார் பக்கத்துல இருக்காங்களோ, அவங்க சொன்னா போதும்."

"என்னன்னு?"

"வீட்ல இருக்க அலிண்டா. நம்ம வீட்லதான் இருக்க. அப்படின்னு அப்பாவைச் சொல்லச் சொல்லுங்க."

அலிண்டா அம்மா